பத்து வருடம் பொறுத்தால் கடன் போகும்: யாருக்கு லாபம்?

60,000 டாலர் மத்திய அரசுக் கல்விக்கடன், வட்டி 6.5 சதவீதம், வருடச் சம்பளம் 50,000. அமெரிக்காவில் படிப்பை முடித்து ஒரு கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேரும் தனியாள் ஒருவரை வைத்துக்கொள்வோம். வழக்கமான பத்து வருடத் திட்டத்தில் மாதம் 681 டாலர். மொத்தம் 81,700-ஐத் தாண்டும்.

அதே ஆள் 2007-ல் வந்த பி.எஸ்.எல்.எஃப். என்ற பொதுச்சேவைத் தள்ளுபடியைப் பிடிக்கிறார்: அரசிலோ லாப நோக்கற்ற அமைப்பிலோ வேலை பார்த்தபடி 120 மாதத் தவணை கட்டினால் மீதிக் கடன் தள்ளுபடி. வருமானத்தைப் பார்த்துத் தவணை போடும் ஐ.பி.ஆர். திட்டத்தில், 2014 ஜூலைக்குப் பிறகு முதன்முதலாகக் கடன் வாங்கி, 2026 ஜூலை முதல் புதுக் கடன் எடுக்காதவர் என்றால், 2025 வறுமைக்கோட்டுக் கணக்குப்படி மாதம் சுமார் 221 டாலர்தான். சம்பளம் ஏறவே இல்லையென்றால் 120 தவணைக்கு 26,500 கட்டியிருப்பார். வட்டிக்கே பத்தாத தவணை, அதனால் கடன் 72,000 வரை வீங்கியிருக்கும். அத்தனையும் தள்ளுபடி, மத்திய வருமான வரியும் இல்லை. சம்பளம் ஏற ஏற இந்த லாபம் சுருங்கும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பத்து வருடத் திட்டத்தில் கட்டும் தவணையும் செல்லும்தான். ஆனால் 120-வது தவணையோடு கடனே தீர்ந்துவிடும். அப்புறம் தள்ளுபடி செய்ய என்ன இருக்கிறது? கடன் மத்திய அரசே நேரடியாகத் தரும் 'டைரக்ட் லோன்' வகையாகவும் இருக்க வேண்டும். 2018-ல் வெளியான முதல் கணக்கில் 99 சதவீத விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டிருந்தன. 2021-க்குப் பிறகுதான் நிலைமை தேறியது.

ஆசிரியர்களுக்கு இன்னொரு வழி: ஏழை மாணவர்கள் அதிகமுள்ள பள்ளியில் தொடர்ந்து ஐந்து வருடம். உயர்நிலைக் கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி என்றால் 17,500 வரை, மற்றவர்களுக்கு 5,000. ஆனால் அதே ஐந்து வருடத்தை பி.எஸ்.எல்.எஃப். கணக்கில் சேர்க்க முடியாது. கடன் இருபதாயிரத்துக்குள் என்றால் இது போதும். 60,000 என்றால் நான் இந்தப் பக்கமே போகமாட்டேன்.

அரசு வேலையும் இல்லை, லாப நோக்கற்ற அமைப்பும் இல்லை என்றால் ஐ.பி.ஆரிலேயே 20 அல்லது 25 வருடம் ஓட்டினால் மீதி தள்ளுபடியாகும். 2026 முதல் அந்தத் தள்ளுபடிக்கு மத்திய வரி உண்டு. எனக்குப் பிடிக்காத வழி.

நல்ல சம்பளக்காரர் தனியார் வங்கிக்கு மாற்றிக் குறைந்த வட்டியில் சீக்கிரம் அடைப்பதே மேல். மாற்றிய கடன் மறுபடி அரசுக் கடனாகாது, அதனால் வேலை நிலைத்த பிறகு மாற்றுங்கள்.

சரி, எஃப்-1 மாணவர் விசாவில் போன நம் பிள்ளைகளுக்கு? அவர்களுக்கு அரசுக் கடனே கிடையாது, எனவே இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.