ஊட்டிக் குளிருக்கு 11 தகடு ஆயில் ஹீட்டர்: வாங்கலாமா?

முதலில், ஆயில் ஹீட்டர் கரண்ட்டை மிச்சப்படுத்தும் என்பது தவறான நம்பிக்கை. மிச்சப்படுத்தாது. ஒரு யூனிட்டுக்கு ஃபேன் ஹீட்டர் தரும் அதே சூடுதான் இதிலும். சத்தமில்லை, கம்பி சிவக்காது, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கதகதப்பு இருக்கும். கூடுதல் காசு இதற்குத்தான். உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, நிரப்பவும் வேண்டாம்.

2000 வாட்டில் விடாமல் ஓடினால் மணிக்கு 2 யூனிட். தினம் 4 மணி நேரம் என்றால் 60 நாளில் 480 யூனிட்! இரண்டு மாத பில்லில் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், 500-க்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் ஏறும். அதனால் முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு 800 வாட்டுக்கு இறக்கி, தெர்மோஸ்டாட்டை (சூட்டின் அளவை வைக்கும் குமிழ்) பாதியில் வையுங்கள்.

16 ஆம்பியர் பிளக் பாயின்ட் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் தளர்ந்த இணைப்பு சூடேறி பிளாஸ்டிக் உருகும். கீசரும் இதுவும் ஒரே லைனில் சேர்ந்து ஓடினால் எம்சிபி (லோடு கூடினால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழலாம். படுக்கவைத்துக் கொண்டுவந்த ஹீட்டரை, எண்ணெய் கீழிறங்க ஒரு மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே போடுங்கள். ஈரத்துணியை மேலே காயப்போடாதீர்கள் (மலையில் எல்லோரும் செய்வதுதான்).

ஓட்டு வீடு, சீலிங் இல்லை என்றால் வாங்காதீர்கள். சூடு நேரே கூரைக்குப் போய்விடும். கதவிடுக்கை அடைத்து, 100 வாட் மின்கம்பளம் வாங்குவதே லாபம். கதவு மூடும் 120 சதுர அடி படுக்கையறைக்கு மட்டும் இது சரி.