பாறை நிலத்தில் அஸ்திவாரம்: ஃபூட்டிங்கா, மைக்ரோபைலா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து மேட்டில் வீடு கட்டுபவர், மண்வெட்டி கல்லில் மோதியதும் பாதிச் செலவு மிச்சம் என்று நினைப்பார். மோதியது தாய்ப்பாறையா, மண்ணுக்குள் புதைந்த உருண்டைக் கருங்கல்லா என்பதுதான் கேள்வி. மெக்கின்டாஷ் புரோப் (எடையால் தட்டி மண்ணுக்குள் இறக்கும் சோதனைக் கம்பி) இதைச் சொல்லாது. இரண்டிலும் ஒரே மாதிரி நின்றுவிடும். துளையிட்டுக் கல்லின் கோர் (உருளை வடிவத் துண்டு) எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தச் செலவில் கஞ்சத்தனம் கூடாது.

தாய்ப்பாறை ஆழமில்லாமல், பரவலாகக் கிடைத்தால் ஃபூட்டிங் (தூணுக்கு அடியில் இடும் அகலமான கான்கிரீட் அடித்தளம்) போதும். சரிவாக இருந்தால் பாறை உடைக்கும் பிரேக்கரால் படிபடியாகச் சமன் செய்து, தளர்ந்த சில்லுகளைக் கழுவி எடுக்க வேண்டும். ஃபூட்டிங்கைப் பாறையோடு பிணைக்கும் 16 மி.மீ. கம்பிக்கு 20 மி.மீ. துளை, 300 மி.மீ. ஆழம், தூசியை ஊதி வெளியேற்றிய பிறகே எபோக்சிப் பசை. தூசி தங்கினால் கம்பி பிடிக்காது. பாதி வீடு பாறையிலும் பாதி மண்ணிலும் நின்றால் மண் பக்கம் மட்டும் அமரும், சேரும் இடத்தில் சுவர் படிக்கட்டுப் போல வெடிக்கும். மண் பக்கத்தையும் பாறை வரை தோண்டி வெறும் கான்கிரீட்டால் நிரப்புவதே தீர்வு.

பாறை ஆழத்தில் இருந்தாலோ, உருண்டைக் கற்கள் கலந்திருந்தாலோ மைக்ரோபைல்தான் (துளையிட்டு, இரும்பு இறக்கி, சிமெண்ட் கரைசலால் நிரப்பும் மெல்லிய தூண்). கல்லைத் துளைத்துக்கொண்டே கீழே போகும். விலை பல மடங்கு. அதே மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறையில் குகைப் பொந்து இருந்தால் சிமெண்ட் கரைசல் நிரம்பாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கூடுதல் மூட்டைகள் யார் கணக்கில் என்பதைக் குத்தகையாளரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.