‘நோ வே’யா, ‘யூ டோன்ட் சே’யா?

ஆச்சரியமான சேதி கேட்டதும் ஆங்கிலத்தில் எதைச் சொல்வது என்று தடுமாறுகிறவர்களுக்காக.

பொருள்:
‘நோ வே’ – நம் ‘சும்மா சொல்லாதே!’
‘யூ டோன்ட் சே’ – ‘அப்படியா சங்கதி!’ சொல்லுக்குச் சொல் பிரித்தால் ‘நீ சொல்வதில்லை’ என்று வரும், அதை மறந்துவிடுங்கள்.

இன்னொரு முகம்:
‘நோ வே’ மறுப்பாகவும் வரும். கடன் கேட்டவரிடம் சொன்னால் ‘முடியவே முடியாது’. வந்தது சேதியா, கேள்வியா என்று பார்த்தாலே விளங்கிவிடும்.
‘யூ டோன்ட் சே’தான் வில்லங்கம். தொப்பலாக நனைந்து வந்தவரிடம் “வெளியே மழை பெய்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். குரலைத் தாழ்த்தி, இழுத்து, ‘யூ டோன்ட் சே’ என்பார். ‘அடடா, பெரிய கண்டுபிடிப்பு!’ என்று அர்த்தம். சொல் அதேதான், ராகம் மட்டும் வேறு.

இடம்:
இரண்டும் பேச்சுக்குத்தான், அலுவலக மின்னஞ்சலுக்கு ஆகாது.

நண்பனுக்கு வேலை கிடைத்ததா? ‘நோ வே!’ என்று துள்ளலாம். மேலாளரிடம் ‘ரியலி?’ போதும். ‘யூ டோன்ட் சே’ கொஞ்சம் பழைய வாசனை. கிண்டலை ரசிக்கிற ஆளிடம் மட்டும் எடுத்து விடுங்கள்.