கத்திக்கு ஃபர்னஸ் வாங்கப் போகிறீர்களா? திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள்

கையால் கத்தி செய்கிறவர்கள் யாராவது தோய்ச்சலுக்கு (பிளேடைச் சூடாக்கி எண்ணெயில் விட்டுக் கெட்டியாக்குவதற்கு) சின்ன மின்சார ஃபர்னஸ் ஆர்டர் கொடுத்துச் செய்யப் போகிறீர்கள் என்றால், முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விற்றவர் பெயரைப் போடப் போவதில்லை, ஆனால் இதே மாதிரி பெட்டி செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் போடுவது ஈஎன் 31, அதாவது பேரிங் ஸ்டீல். அதற்கு 800-லிருந்து 840 டிகிரி போதும். கண்ட்ரோலரில் 800 வைத்துக் கதவைத் திறந்தால் உள்ளே பளீர் மஞ்சள்! அந்தச் சூட்டில் ஆரஞ்சு கலந்த சிவப்புதான் தெரிய வேண்டும். ஃபோன் போட்டுக் கேட்டால் "உங்க ரூம் லைட்டுக்கு அப்படித் தெரியும் சார்" என்கிறார். எண்ணெயில் விட்டு எடுத்த பிளேடில் செதில் செதிலாகக் கருப்பு உரிகிறது, அரம் போட்டால் வழுக்காமல் பிடிக்கிறது, ஒன்றை வைஸில் வைத்து உடைத்துப் பார்த்தால் உள்ளே சர்க்கரை மாதிரி மினுமினுக்கிறது. சரியாகத் தோய்ந்தது மங்கலான சாம்பல் நிறத்தில், நைசாக உடையும். இதற்கும் அவர் சொன்ன பதில், "ஸ்டீல் டூப்ளிகேட்".

அப்புறம் பீங்கான் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை தூள் உப்பைப் போட்டு உள்ளே வைத்தேன் (கல் உப்பு வேண்டாம், படபடவெனத் தெறிக்கும்). உப்பு உருகுவது 801 டிகிரியில். திரையில் 650 காட்டும்போதே அது உருகித் தண்ணீராய் நின்றது. கண்ட்ரோலர் மெனுவைத் திறந்தால் விஷயம் புரிந்துவிட்டது: உள்ளே மாட்டியிருப்பது கே டைப் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் சென்சார்), மெனுவில் இருப்பது ஜே டைப். இந்த இரண்டும் மாறினால் 800 வைத்தால் உள்ளே 1100-க்கு மேல் போய்விடும். செட்டிங்கை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது, அதை ஒருமுறை பார்க்காமலே அனுப்பிவிட்டு ஸ்டீல் மேல் பழி போடுகிறார்.

சரி, இது கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்வோம். சூடேற்றும் காயிலுக்குக் காந்தல் ஒயர் என்று கொட்டேஷனில் எழுதிவிட்டு, அதைவிடச் சூடு குறைவாகத் தாங்கும் நிக்ரோம் ஒயரைச் சுற்றியிருப்பதை என்ன சொல்வது? ஆறியிருக்கும்போது காந்தத்தை வைத்துப் பாருங்கள், காந்தல் என்றால் ஒட்டும், நிக்ரோமில் ஒட்டாது. எனக்கு ஒட்டவில்லை. ஈஎன் 31-க்கு நிக்ரோம் தாங்கும்தான், ஸ்டெயின்லெஸ் கத்திக்கு 1050-க்கு மேல் போகும்போது சீக்கிரம் போய்விடும். கதவைத் திறந்தால் கரண்ட்டை நிறுத்தும் சுவிட்சும் இல்லை. இடுக்கி தவறிப்போய்க் காயிலில் பட்டால் 230 வோல்ட், இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பில்லில் "எலக்ட்ரிக்கல் ஐட்டம்" என்று மட்டும் போட்டிருக்கிறார், மாடலும் கிடையாது வாட்ஸும் கிடையாது. அதனால் உப்பு, காந்தம், கதவு சுவிட்ச் மூன்றையும் அவர் பட்டறையிலேயே, அவர் கண் முன்னால் பார்த்துவிட்டு, ஒயரின் பெயரைப் பில்லில் எழுத வைத்து வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். நான் கேட்ட காந்தல் ஒயரும் கதவு சுவிட்சும் இன்னும் வரவில்லை, அவர் ஃபோனும் எடுப்பதில்லை.