மடக்கி விரிக்கும் சைட்பார்: நாள்பட்ட பயன்பாட்டுக்குப் பின்

மேலே இருக்கும் மெனுவை எடுத்துவிட்டு, இடப்பக்கம் மடக்கி விரிக்கும் சைட்பார், அதாவது ஓரப் பட்டையாக நிற்கும் மெனு, வைக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார், தன் வெப் ஆப்புக்கு. எங்கள் ஸ்டாக் கணக்கு ஆப்பில் அது வந்து நாளாகிவிட்டது. பராமரிப்பதும் நான், நாள் முழுக்க அதில் வேலை பார்ப்பதும் நான். ஆகவே திட்டுகிற உரிமை எனக்கு இரண்டு மடங்கு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். விரிந்தால் 240 பிக்சல், மடங்கினால் 64. மிச்சம் 176. கேட்க அற்பமாக இருக்கும். 1366 பிக்சல் லேப்டாப் திரையில் அகலமான அட்டவணையோடு மல்லுக்கட்டுகிறவருக்கு, கடைசி ஓரத்தில் ஒளிந்திருக்கும் 'நிலுவை' நெடுவரிசை ஸ்க்ரோல் செய்யாமலே தெரிவது எவ்வளவு நிம்மதி என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

இனி எரிச்சல். மடக்கி வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவேன். பக்கம் வந்ததும் சைட்பார் முழுசாக விரிந்து நிற்கும், உடனே சரக்கென்று சுருங்கும். அதோடு அட்டவணையும் இடப்பக்கம் தாவும். 'திருத்து' பட்டனை நோக்கிப் போன கர்சர் வெறும் இடத்தில் நிற்கும். ஒவ்வொரு பக்கத்திலும் இதே கூத்து.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. காசு கொடுத்து வாங்கிய டெம்ப்ளேட் அது, ஆயத்த வடிவமைப்பு. மடங்கியதா விரிந்ததா என்பதை லோக்கல் ஸ்டோரேஜில் எழுதி வைக்கிறது. அது பிரவுசருக்குள் இருக்கும் சமாச்சாரம், சர்வருக்குத் தெரியாது. சர்வர் எப்போதும் விரிந்த பக்கத்தையே அனுப்பும், ஜாவாஸ்கிரிப்ட் பிறகு வந்து மடக்கும். அதற்கு 300 மில்லிசெகண்ட் அனிமேஷன் வேறு! விற்பனைக்கான டெமோவில் சைட்பார் விரிந்தே இருந்ததால், வாங்கும்போது யார் கண்ணிலும் இது படவில்லை.

நிலையை குக்கியில், அதாவது பிரவுசர் வைத்திருக்கும் சின்னக் குறிப்பில், வைத்ததும் தீர்ந்தது. குக்கி ஒவ்வொரு கோரிக்கையோடும் சர்வருக்குப் போகும், சர்வர் அதைப் படித்துவிடுவதால் பக்கம் மடங்கியே வந்து சேரும். குக்கிக்குப் பாதையாக (path) வெறும் சாய்கோடு (/), அதாவது தளம் முழுக்க, கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பிரிவில் மடங்கியது அடுத்த பிரிவில் விரிந்து நிற்கும். சர்வரில் கை வைக்க முடியாதவர்கள், பக்கத்தின் தொடக்கத்தில் வரும் ஹெட் பகுதியிலேயே சின்ன ஸ்கிரிப்ட் போட்டு, பக்கம் வரையப்படும் முன்பே மடங்கிய தோற்றத்துக்கான சிஎஸ்எஸ் கிளாஸைச் சேர்த்துவிடலாம்.

மற்றதெல்லாம் சில்லறை. சைட்பார் மடங்கினாலும் பிரவுசர் சன்னலின் அளவு மாறுவதில்லை. அதனால் சன்னலை மட்டும் கவனிக்கும் சார்ட்டுகள் பழைய அகலத்திலேயே கிடக்கும். பக்கத்தின் ஒரு பகுதி அளவு மாறினால் தெரிவிக்கும் ரீசைஸ் அப்சர்வர் (ResizeObserver) அதைப் பார்த்துக்கொள்ளும். மொபைலில் திரைக்கு வெளியே தள்ளப்பட்ட சைட்பாரின் இணைப்புகள் டேப் விசைக்கு இன்னும் அகப்படுகின்றன, பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரும் வாசிக்கிறது. ஒரு பகுதியை விசைக்கும் ஸ்கிரீன் ரீடருக்கும் எட்டாமல் செய்யும் 'இனர்ட்' (inert) பண்பைச் சேர்த்தால் போதும், 2023 முதல் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் அது உண்டு. மடக்கும் பட்டனில், விரிந்ததா மடங்கியதா என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லும் 'ஏரியா எக்ஸ்பேண்டட்' (aria-expanded) மாறுகிறதா என்றும் பாருங்கள்.

தீராதது ஐகான். மடங்கிய நிலையில் 'அறிக்கை', 'ரசீது', 'தணிக்கை' மூன்றுமே ஓரம் மடிந்த காகிதம். மேலே மவுஸை வைத்தால் பெயர் வரும், சரி. வேலை அவசரத்தில் மூன்று காகிதத்தின் மேலும் மவுஸை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்? எங்கள் ஆட்கள் விரித்து, கிளிக் செய்து, மறுபடி மடக்குகிறார்கள். இரண்டு கிளிக் தண்டம்.

நண்பரின் மெனுவில் இருப்பதே ஆறு இணைப்புகள். வேண்டாம், மேலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் உங்கள் ஆப்பிலிருந்தும் எடுத்துவிடுவீர்களா என்று மடக்கினார். அதெப்படி? அந்த 176 பிக்சலை யார் கேட்டாலும் தர மாட்டேன்.