வற்றாப்பளை மணலில் விழுந்த குமிழும் ஒரு போத்தல் லொக்ரைட்டும்

வைகாசிப் பொங்கலண்டு இரவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் தூக்குக்காவடி ஒன்று என் பக்கம் திரும்புகிற நேரம் கமராவின் ஷட்டர் பொத்தானில் விரலை வைத்தேன். பித்தளைக் குமிழ் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. போன் லைற்றை அடித்துத் தேடினால் கச்சான் கோதுதான் கையில் வந்தது. இதோடு மூன்றாவது குமிழ்.

தெரியாதவர்களுக்கு: என்னிடம் இருப்பது பியூஜி எக்ஸ்-டி20. அதன் ஷட்டர் பொத்தானின் நடுவில், பழைய பிலிம் கமராக்களில் கேபிள் பூட்டுவதற்கு இருந்த அதே புரியோட்டை உண்டு. சொப்ற் ரிலீஸ் என்ற குமிழை அதில் திருகினால் விரல் மெல்லப் பட்டாலே போதும், கை ஆட்டம் குறையும். இருட்டில் கோயில் வேலைக்கு நல்ல உதவி. ஆனால் அந்தப் புரி கூம்பு வடிவம். இரண்டு மூன்று சுற்றுத்தான் பிடிக்கும். நான் மாங்குளத்திலிருந்து மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போவது, கமராப் பை ராங்கிக்கு மேலே. முல்லைத்தீவு றோட்டுப் பரவாயில்லை. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே கிரவல் பாதையில் இறங்கினால் அந்த அதிர்விலேயே குமிழ் தானாகக் கழன்றுவிடும்.

பொங்கல் முடிந்த கிழமையே கிளிநொச்சியில் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் லொக்ரைட் 243, பத்து மில்லி, வாங்கினேன். திருகாணி தானாகக் கழராமல் புரியில் பூசுகிற பசை அது. போத்தல் சிவப்பு, உள்ளே இருக்கிற திரவம் நீலம். ஆகவே போத்தல் நிறத்தைப் பார்த்து வாங்கவேண்டாம், எண்ணைப் பாருங்கள். 222 ஊதா, பிடி குறைவு, சின்னத் திருகாணிகளுக்கு. 243 நடுத்தரம். 271 சிவப்பு, அது பிடித்தால் சூடாக்கித்தான் கழற்றலாம், கமராப் பக்கமே கொண்டுபோகவேண்டாம். எனக்கு 222 கிடைக்கவில்லை.

மூடியைத் திறந்தால் போத்தல் நிறைய இல்லை. ஏமாந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எங்கள் சந்தியில் கராஜ் வைத்திருக்கிற அண்ணையிடம் காட்டினேன், சிரித்தார்.

"தம்பி, உது காத்துப் பட்டா இறுகாது. காத்து இல்லாமல் இரும்போட இரும்பு நெருங்கினாத்தான் இறுகும். அதுக்குத்தான் போத்தலுக்குள்ள காத்து விட்டிருக்கு. எங்க பூசப்போறாய்?"

ஷட்டர் பொத்தானைக் காட்டினேன். போத்தலைக் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்துவிட்டார்.

"பிளாஸ்ரிக்கில பட்டுதெண்டா வெடிப்பு விடும். உள்ளுக்கு வடிஞ்சா கமராவே போச்சு."

அவர் சொன்னது சரி. சில பிளாஸ்ரிக்குகளை இந்தத் திரவம் வெடிக்க வைக்கும். புரிக்கு வெளியே வழிகிற மிச்சமோ இறுகாமல் திரவமாகவே கிடந்து, பொத்தானுக்குக் கீழே இறங்கும். குமிழைக் கழற்றவேண்டி வந்தால் பொத்தானும் சேர்ந்து திரும்பிவிடும் என்ற பயம் வேறு.

அதற்காக 243ஐக் குறை சொல்லமாட்டேன். என் கமராவைச் சுற்றிப் பூட்டியிருக்கிற உலோகக் கூட்டின் கைபிடித் திருகாணிகள் இரண்டும் உலோகத்தோடு உலோகம். அவற்றைக் கழற்றித் துடைத்து, ஆளுக்கு அரைத் துளி விட்டு, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைத்தேன். மழைக்காலமும் போய்விட்டது, இன்னும் அசையவில்லை. ஒருக்கா அலன்கீயால் கழற்றியும் பார்த்தேன், கொஞ்சம் முறுக்கத் திரும்பியது. அந்த வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. குமிழுக்குப் பூச்சியம்.

குமிழுக்கு வழி சொன்னதும் அண்ணைதான். ஹாட்வெயாரில் பைப்புக்குச் சுற்றுகிற வெள்ளைத் திரெட்சீல் நாடா. ஒரு பிளேன்ரீயும் வடையும் குடிக்கிற காசு. மெல்லிசாக நீளவாக்கில் கிழித்து, புரியின் நுனி உங்களைப் பார்க்க வைத்துக்கொண்டு, மணிக்கூட்டு முள் சுற்றுகிற பக்கமாக ஒன்றரைச் சுற்று. மறுபக்கம் சுற்றினால் பூட்டும்போதே உரிந்து வரும். நுனிக்கு அப்பால் நாடா தொங்கக்கூடாது, பிய்ந்து உள்ளே விழும். விரலால் இறுகுகிற அளவு போதும், குறடு வேண்டாம். மஞ்சள் உருளையில் வருவது காஸ் குழாய்க்கான தடிப்பு நாடா. அதைச் சுற்றிவிட்டுப் பூட்ட முயன்றேன், ஏறவே இல்லை.

தோள்பட்டி வேறு கதை. அது கமராவின் அடியில், முக்காலி பூட்டுகிற கால் அங்குலப் புரியில் ஏறுகிறது. கழன்றால் குமிழ் அல்ல, கமராவே றோட்டில். அடிக்கடி கழற்றுகிற இடம் என்பதால் அங்கே பசையும் இல்லை, நாடாவும் இல்லை. பழைய சைக்கிள் ரியூப்பில் வட்டமாக ஒரு வோஷர் வெட்டிப் போட்டிருக்கிறேன். வெயிலில் அது பிசுபிசுத்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று மாற்றவேண்டும். மோட்டார் சைக்கிளால் இறங்கியதும் ஹெல்மெற்றைக் கழற்ற முதல் அந்தத் திருகாணியை ஒருக்கா நெருடிப் பார்க்கிறேன்.

நாலாவது குமிழ் இப்போது எட்டு மாதமாக இருக்கிறது. இந்த முறை சிவப்பு நிறம் வாங்கினேன், மணலில் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியட்டும் என்று.