சுவருக்குப் பாவாடை: கடலூர் வீட்டில் ஒன்பது வருட மராமத்தும் குரோஷாவும்

எங்கள் வீடு தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மாமனார் கட்டிய வீடு. 2016 சித்திரையில் நாங்கள் இங்கே குடிவந்தபோது கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருந்தது. 2015 நவம்பர் மழையில் தெருத்தண்ணீர் உள்ளே வந்து நின்ற அளவு அது. மாமனார் அதன்மேல் பென்சிலால் தேதி எழுதி வைத்திருந்தார்.

நாத்தனார் குடும்பம் கோயம்புத்தூரில் இருக்கிறது. போகிக்கு முந்தின நாள் வந்து இறங்கினால், தை 5-ம் நாள் ஆற்றுத் திருவிழா பார்த்து, பெண்ணையாற்று மணலில் சுருளிக்கிழங்கு வாங்கிக் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள். பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஆறு பேர், ஏறக்குறைய ஒரு வாரம். ஆகவே வீட்டை ஒழுங்குபடுத்துகிற வேலை எங்களுக்கு எப்போதும் மார்கழியில்தான் வரும். இந்த ஊரில் வீட்டு வேலைக்கு அதைவிட மோசமான மாதம் கிடையாது என்று புரிய எனக்கு மூன்று வருடம் பிடித்தது. மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும், சுவர் குடித்த தண்ணீர் உள்ளேயே இருக்கும்.

முதல் வருடம் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். பொரிந்த இடத்தைச் சுரண்டி, பட்டி பார்த்து, பளபளவென்று எமல்ஷன் அடித்தோம். பொங்கலன்று கூடம் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. மாட்டுப் பொங்கலன்று நாத்தனார் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, அப்படியே மஞ்சக்குப்பம் கடைத்தெருவுக்குப் போய் வந்தார். திரும்பி வந்தபோதுதான் பார்த்தோம். கருநீலச் சட்டையின் முதுகில் வெள்ளையாக ஒரு இந்திய வரைபடம், கீழே இலங்கை உட்பட. பாவம், வழியில் யாரும் சொல்லவில்லை.

காரணம் எளிமையானது. தரையிலிருந்து ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறுகிறது. ஏறும்போது உப்பையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. பூச்சுக்குள்ளேயே படிகமாகி, பருத்து, பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது. ஆவி வெளியேற வழியில்லாத பெயிண்டை மேலே அடித்தால் ஈரம் இன்னும் உயரமாக ஏறித்தான் வெளியே வரும். முழங்கால் உயரத்தில் இருந்த எங்கள் ஓதம் இரண்டே வருடத்தில் இடுப்பு உயரத்துக்கு வந்தது இப்படித்தான்.

2017-ல் பிவிசி பேனல் அடித்தோம். இதைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. ஒன்றரை வருடம் அழகாக இருந்தது. கழற்றியபோது பின்னால் கறுப்புப் பூசணம், மரச்சட்டத்தில் கறையான், குஞ்சுகுளுவானோடு ஒரு கரப்பான் குடும்பம். கடலோர வீட்டுக்காரர்கள் யாராவது கேட்டால் வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

2019-ல் வந்த மேஸ்திரி வயதானவர். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, அழுவுற புள்ளைக்கு மூஞ்சத் தொடச்சி உட்டுக்கினே இருக்கீங்க. தொறந்து உடுங்க, காயட்டும்" என்றார். சித்திரையில் மூன்றரை அடி உயரத்துக்குப் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்தார். செங்கல் தெரிய அப்படியே விட்டுவிட்டுப் போனவர், ஆடி கழித்து வருகிறேன் என்றார். எனக்கு மயக்கமே வந்தது. இடையில் ஒரே ஒரு வேலை கொடுத்தார்: வாரம் ஒருமுறை தென்னம்நார் பிரஷ்ஷால் உப்பை உலர்வாகத் தேய்த்து, முறத்தில் வாரி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். முதல் மாதம் வாரிய உப்பு அரைப்படி இருக்கும். போகப்போகக் குறைந்தது.

ஆவணியில் சிமெண்ட் இல்லாமல் சுண்ணாம்புக் காரையில் பூசினார். புதுச்சேரியில் பழைய தமிழ் வீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் சுண்ணாம்புப் பூச்சை விடாமல் வைத்திருப்பதை வைசியாள் வீதிப் பக்கம் போனால் பார்க்கலாம். அங்கே அது அழகுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். சுண்ணாம்பு மூச்சுவிடும், ஈரத்தை வெளியே அனுப்பிவிடும் என்பது இந்த வயதில்தான் தெரிந்தது. மேலே பெயிண்ட் கிடையாது. கொஞ்சம் வஜ்ஜிரப் பசையும் துளி நீலமும் சேர்த்து வெள்ளையடிப்பதோடு சரி.

ஆறு வருட முடிவு: பூச்சு எங்கும் பெயரவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தரையை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்கு உப்பு பூக்கிறது. மார்கழியில் தேய்த்துவிட்டு ஒரு கை வெள்ளையடிக்கிறோம், அரை நாள் வேலை. குறை என்றால், சாய்ந்தால் சட்டையில் இன்றும் ஒட்டும். வஜ்ஜிரம் கூட்டிப் பார்த்தேன், ஓரளவுதான் கேட்கிறது. ஓதம் நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். அது வந்து போக வழி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னுகிற கைவேலை, இந்தக் கதைக்குள் வந்தது அந்தச் சித்திரையில்தான். செங்கல் தெரிகிற கூடத்தில் யாரை உட்காரவைப்பது? துணித்திரை போட்டால் காற்று அடைபடும் என்று மேஸ்திரி முறைத்தார். வலைமாதிரி ஏதாவது என்றால் சரி என்றார். எனக்குப் பள்ளியில் கன்னியாஸ்திரி சிஸ்டர் சொல்லிக்கொடுத்த குரோஷா கொஞ்சம் கையில் மிச்சமிருந்தது. பன்னிரண்டு அடி நீளம், நாலடி உயரத்துக்கு ஒரு வலைத்திரை பின்னலாம் என்று உட்கார்ந்தேன். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கம்பியில் தொங்கவிடுவதாக ஏற்பாடு. அத்தை பார்த்துவிட்டு, "சுவத்துக்குப் பாவாடையா?" என்று கேட்டார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

முதலில் வாங்கியது அக்ரிலிக் நூல். கடையில் உல்லன் என்றே கொடுப்பார்கள், நிறம் கண்ணைப் பறிக்கும். நாலு உருண்டை பின்னி முடிப்பதற்குள் விரல் இடுக்கெல்லாம் வியர்த்து, நூல் ஊசியில் வழுக்காமல் இழுபட்டது. உரசுகிற இடமெல்லாம் குட்டிக் குட்டி உருண்டையாகத் திரண்டது. பிரித்துப் போட்டுவிட்டுப் பருத்தி நூலுக்கு மாறினேன். இந்த ஊர்ப் புழுக்கத்துக்குப் பருத்திதான். மெர்சரைஸ்டு என்று கேட்டு வாங்கினால் நல்லது. மினுமினுப்பு இருக்கும், இழை பலம், சீக்கிரம் பஞ்சு பறக்காது. ஆனால் பின்னுவதற்கு முன் ஒரு சாண் சதுரம் பின்னி, துவைத்து, காயவைத்து அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை. முதல் துவையலில் பன்னிரண்டு அடி, பதினொன்றேகால் ஆனது. கரைக்குப் போட்ட சிவப்பு நூல் சாயம் விட்டது தனிக்கதை.

ஊசி விஷயத்தில் கடல்காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். மெல்லிய நூலுக்கான இரும்பு ஊசி ஒரு மழைக்காலம் டப்பாவில் கிடந்தால் துரு பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத துருவே வெள்ளை நூலில் தேமல்போல் படியும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்தால் புதுக்கறை போகும், பழசு போகாது. பூச்சில்லாத அலுமினிய ஊசி துருப்பிடிக்காது, ஆனால் வெள்ளை நூலில் சாம்பல் நிறம் ஏற்றிவிடும். என் திரையின் இடது மூலை இன்னும் மங்கலாக இருப்பதற்கு அதுதான் காரணம். நிறப்பூச்சு உள்ள அலுமினிய ஊசி, 2.5 மில்லிமீட்டர், 2019 கடைசியிலிருந்து கையில் இருக்கிறது. பிடி மட்டும் தேய்ந்திருக்கிறது. மூங்கில் ஊசியும் வாங்கினேன். கைக்கு இதம், ஆனால் ஈரக்காற்றில் மேல்புறம் சொரசொரத்து நூலைப் பிடித்து இழுக்கிறது.

திரையை எட்டு மாதம் பின்னினேன். நடுவில் ஒரு கண்ணி தவறி, இருபது வரிசை தாண்டித்தான் தெரிந்தது. அப்படியே விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எதிரே கொத்திப்போட்ட சுவர் பார்த்துக்கொண்டிருந்தது, சரி என்று பிரித்தேன். பிரித்த நூல் சுருள் சுருளாக வரும். நாற்காலி முதுகில் சுற்றி, நனைத்து, ஒரு நாள் காயவிட்டால் நேராகிவிடும்.

ஆறு வருடத்தில் அது எப்படி இருக்கிறது? தன் கனத்திலேயே இறங்குகிறது. வருடத்துக்கு நாலு விரல் நீளும். அதனால் ஒவ்வொரு போகியன்றும் துவைத்து, தலைகீழாக மாட்டுகிறேன். இந்த வருடம் மேலிருந்தது அடுத்த வருடம் கீழே. மழைக்காலத்தில் கழற்றி மடித்து வைக்காதீர்கள், பூசணம் பிடிக்கும். தொங்கினால் ஒன்றும் ஆவதில்லை.

தங்க வருகிற பிள்ளைகளுக்காக இரண்டு இரும்புக் கட்டிலுக்கு நைலான் நாடாவும் நானே பின்னினேன். முதல் வருடம் இழுத்துக் கட்டத் தெரியாமல், மூத்தவன் நடுராத்திரி தரையைத் தொட்டுக்கொண்டு தூங்கினான். நைலான் நாடாவைக் கட்டி ஒரு வாரம் உபயோகித்துவிட்டு மறுபடி இழுத்து முடிச்சுப் போட வேண்டும். ஐந்து வருடமாகத் தளரவில்லை. கட்டில் கால்தான் துருவேறுகிறது.

துரு பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் கம்பிக்கு, இருக்கிற துருவின் மேலேயே ரெட் ஆக்சைடு அடித்து எனாமல் பூசினால் இரண்டு மழை தாங்கும். இரும்பு வெளுக்கச் சுரண்டி, ஸிங்க் பிரைமர் அடித்து, பிறகு எனாமல் பூசியது நாலு வருடம் ஆகியும் நிற்கிறது. கீல், தாழ்ப்பாள் எல்லாம் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று வாங்கினாலும் 304 வகையில் ஒரே வருடத்தில் டீக்கறை மாதிரி பழுப்பு வரும். 316 வகையில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும், விலையும் அதற்கேற்ப. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்தாலே பாதித் துரு குறைகிறது.

மொட்டைமாடிக்கு இரண்டு முறை செலவு செய்தோம். பழைய தளம், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டை ஓடு பதித்தது. 2017 கார்த்திகையில், விருந்தாளி வருமுன் ஒழுகல் நிற்க வேண்டும் என்ற அவசரத்தில், வெள்ளை வாட்டர் புரூஃப் கோட்டிங் இரண்டு கை அடித்தோம். ஓட்டுக்குக் கீழே ஈரம். அடுத்த கோடையில் அப்பளம் மாதிரி உப்பி, மூன்றாம் கோடையில் தோல் உரிந்தது. வாளியிலேயே உலர்ந்த தளத்தில் அடிக்கவும் என்று அச்சடித்திருந்தது. படித்தோம், படித்துவிட்டுத்தான் அடித்தோம். 2021 சித்திரையில் மறுபடி ஆரம்பித்தோம். கைப்பிடிச் சுவரில் முளைத்திருந்த அரசங்கன்றை வேரோடு எடுத்து, ஓட்டு இடுக்குகளைச் சுரண்டி அடைத்து, கீறல் இருந்த இடத்தில் வலைத்துணி வைத்து, அதே மாதிரிக் கோட்டிங்தான் அடித்தோம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. எங்கள் பக்கமும் பெருமழைதான். சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் வந்து ஊரே கலங்கிக் கிடந்த அந்த வாரத்தில், எங்கள் கூரையில் மழைக்குழாய் வாயருகே மட்டும் ஒரு தட்டளவு ஈரம். குழாய் வாயில் இலை அடைத்திருந்தது, அது கோட்டிங்கின் குற்றமில்லை.

இந்த மார்கழிக்கு மிச்சமிருப்பது குளியலறைக் கதவு. மழையில் ஊதி, நிலையைப் பிடிக்கிறது. முன்பொருமுறை ஐப்பசியில் ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்தோம், சித்திரையில் விரல் நுழைகிற சந்து விழுந்தது. பிறகு மரச்சட்டம் ஒட்டி அடைத்தது அசிங்கமாக இருந்தது. இனிமேல் கோடையில்தான் இழைப்பது என்று இருக்கிறேன். நேற்று நாத்தனார் போனில் கேட்டாள்:

"அண்ணி, அந்தக் கதவ இந்த வருஷமும் இடுப்பால இடிச்சுத்தான் தொறக்கணுமா?"

"ஆமா. சித்திரையில வா, வெண்ணெய் மாதிரி தொறக்கும்."

"சித்திரையில சுருளிக்கிழங்கு கெடைக்காதே. இடிச்சுக்கிறேன் போங்க."